நீல ஓட்டை

என் குரல் சின்னது. கடையில் நான் கேட்டது கடைக்காரருக்கு விழாது. எனக்குப் பின்னால் நிற்பவர் அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். இயற்பியல் படித்துவிட்டுப் போன நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் "கொஞ்சம் சத்தமா" என்பதைத் தாண்டி யாரும் என்னிடம் பேசியதில்லை. அதனால் எனக்கு வாசிக்கும் வேலை கிடைத்தது என்றதும் அக்கா நம்பவில்லை.

"உன்னைப் போய் வாசிக்கச் சொன்னாங்களா? அவங்களுக்குக் காது கேக்கும்தானே?"

அக்காவின் வீட்டில்தான் இருக்கிறேன். மாமா மட்டும், "மைக்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, அது பாத்துக்கும்" என்றார்.

பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் இடம் அது. மாடியில் இரண்டு அறைகள். வெளி அறையில் பொறுப்பாளர் மேடத்தின் மேசை. உள் அறைச் சுவர்களில் பஞ்சு வைத்துத் தைத்த துணி. அதற்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு திரை. கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் உள்ளே இல்லை. அதன் காற்றாடிச் சத்தம் பதிவில் விழும் என்று வெளி அறையில், மேடத்தின் மேசைக்கு அடியில் வைத்திருந்தார்கள். நடுச்சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, வயர்களை அதன் வழியே உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். மிச்ச இடத்தைப் பழைய துணியால் அடைத்திருந்தார்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம். காலையில் நான் விண்டோஸில் வாசித்துப் பதிவு செய்வேன். மதியத்துக்கு மேல் எடிட்டர் வந்து அதே கம்ப்யூட்டரை லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் திறந்து, நான் திக்கியது, இருமியது, பக்கம் புரட்டியது எல்லாவற்றையும் வெட்டுவார். எல்லாரும் அவரைக் கத்தரி என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "நேத்து நீ எச்சில் முழுங்கினதைக்கூட எடுத்துட்டேன்மா" என்பதுதான் அவருடைய வணக்கம்.

எனக்குத் தந்தது மேல்வகுப்பு இயற்பியல். மாதக் கடைசியில் நிறுவனத்தின் செயலாளர் வந்து கேட்பார், அவருக்குச் சரியென்றால் புத்தகம் முழுவதும் எனக்கு, நாற்காலியும் எனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று முதல் நாளே மேடம் சொல்லிவிட்டார்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போயிற்று. வாசித்து முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். என் குரல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியது. ஒரு முழு வாக்கியத்தை யாரும் குறுக்கிடாமல் நான் சொல்லி முடித்ததை முதல் தடவையாக அப்போதுதான் கேட்டேன்.

ஒரு திங்கட்கிழமை போனபோது வெளி அறை ஈரமாக இருந்தது. மேடம் தன் மேசைக்கு அடியில் தானே தூசி தட்டித் துடைத்திருந்தார். சுவர்த் துளையில் இருந்த அழுக்குத் துணி குப்பைக் கூடையில் கிடந்தது. "பாத்தா வாந்தி வருது, அதோட இத்தனை நாள் இருந்திருக்கீங்க" என்றார். அன்று வாசித்து முடித்து ஹெட்போனை மாட்டினேன். சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வாசிப்பவர்கள் கேட்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களோ என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது எனக்கு வராது. ஹெட்போனைத் துளைக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தேன்.

அந்த வாரமே கத்தரி குறை சொல்ல ஆரம்பித்தார்.

"உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வருதும்மா. மைக் கிட்ட வா."

மைக்கின் பஞ்சு உதட்டில் படும்வரை போனேன். அடுத்த நாள் கேட்டேன், இப்போது எப்படி என்று.

"இன்னும் ஆழத்துக்குப் போயிட்ட. அது மட்டும் இல்லை. நடுநடுவுல பின்னாடி ஏதோ பேச்சு கேக்குது."

மேடம் மேசையிலிருந்து நிமிர்ந்தார். "பேச்சா? உள்ள இவ ஒருத்திதானே இருக்கா?"

"எனக்குத் தெரியாது. கேக்குதுன்னு சொன்னேன்."

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. என் போன் தினமும் மேடத்தின் இழுப்பறையில்தான் கிடக்கும். ஆனாலும் அவர் என் பையை வாங்கித் திறந்து பார்த்தார். குடை, சாப்பாட்டு டப்பா, கைக்குட்டை. டப்பாவையும் திறந்து பார்த்தார்.

"இன்னொரு போன் வச்சிருக்கியா?"

"இல்ல மேடம்."

"என்ன? வாய்க்குள்ளயே முனகாத. போன்ல மட்டும் நல்லாப் பேச வருது போல."

வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். மைக்கோடு ஒட்டிக்கொண்டு வாசிப்பவளின் குரல் எப்படித் தூரமாகும்? ஆகாது. யாரோ ஆக்குகிறார்கள். என் பதிவைத் தொடுவது ஒரே ஆள். குரலைக் குறைக்கவும் அவருக்குத் தெரியும், வேறொரு பேச்சைக் கொண்டுவந்து ஒட்டவும் தெரியும். ஏன் செய்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் மேடம் கீழே போயிருந்தபோது மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியின் முதுகைப் பார்த்தேன். பிளக் செருகும் ஓட்டைகளில் ரோஜா நிறத்தில் மைக். அது சரி. பச்சையில்தான் ஹெட்போன் இருக்க வேண்டும். பச்சை காலியாக இருந்தது. ஹெட்போன் நீலத்தில் செருகியிருந்தது. நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே வாங்குவதற்கானது. கையை நீட்டினேன்.

"அந்த நீல ஓட்டையில கை வைக்காதம்மா."

பின்னால் கத்தரி நின்றார். அன்று நேரத்தோடு வந்திருந்தார்.

"அது என்னோடது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அக்கா உடனே தீர்ப்பு எழுதிவிட்டாள். "அந்தக் கத்தரிக்கு வேண்டப்பட்ட பொண்ணு யாரோ இருக்கா. உன்னைக் கிளப்பிட்டு அவளை உக்கார வைக்கப் பாக்கறான்."

"ஏன், அந்த மேடமா இருக்கக் கூடாதா?" என்றார் மாமா.

"உங்களுக்கு யார் மேலதான் சந்தேகம் இல்லை? தண்ணி மீட்டர் பாக்க வந்தவரையே வாசல்ல நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்ட ஆளு."

"அவன் ஏன் ரெண்டு தடவை பாத்தான்? அதுக்கு நீ பதில் சொல்லு."

சாப்பிட்டு முடிக்கும்வரை தண்ணீர் மீட்டரைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பதிவைத் தொடங்கிவிட்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். குரலின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டை திரையின் ஓரத்தில் படுத்துக் கிடந்தது. மைக்கை நகத்தால் சுரண்டினேன். பட்டை அசையவில்லை. விரலால் தட்டினேன். அசையவில்லை. மைக் செத்திருந்தது. அப்படியானால் இத்தனை நாளும் என்னைப் பதிவு செய்தது எது?

எழுந்தேன். நாற்காலி சுவரில் இடித்தது. ஆணியில் தொங்கிய ஹெட்போன் ஆடிச் சுவரில் மோதியது. பட்டை எழும்பிச் சிவப்பைத் தொட்டு விழுந்தது.

ஹெட்போனை நகத்தால் தொட்டேன். பட்டை துள்ளியது. வாய்க்கு அருகே வைத்து, "யாரு?" என்றேன். துள்ளியது.

ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு சின்னக் காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய தகடு. மின்சாரம் வந்து தகட்டை ஆட்டினால் சத்தம் கிடைக்கும். சத்தம் வந்து தகட்டை ஆட்டினால் மின்சாரம் கிடைக்கும். நான் வாசித்த புத்தகத்திலேயே அது இருக்கிறது. அந்தப் பாடத்தை நான் மைக்கைப் பார்த்து வாசித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தது முதுகுக்குப் பின்னால் இருந்த ஹெட்போன். மைக்கோடு நான் ஒட்ட ஒட்ட அதை விட்டுத் தள்ளிப் போயிருக்கிறேன்.

ஆணிக்குப் பக்கத்தில் சுவர்த் துளை. அதில் துணி இல்லை. குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் மேடத்தின் நாற்காலி முதுகு தெரிந்தது.

விண்டோஸில் ஒலி அமைப்புகளைத் திறந்தேன். நீலத்துக்கு நேராக 'மைக்' என்று இருந்தது. ரோஜா நிறமும் மைக்தான். ஆனால் பிறகு வந்த மைக்கை முதல் மைக்காக எடுத்துக்கொண்டு, பழையதைக் கம்ப்யூட்டர் ஒதுக்கி வைத்திருந்தது. நீலத்தை ஹெட்போன் என்று மாற்றினேன். காதில் மாட்டிக்கொண்டு, போன வாரத்துப் பதிவு ஒன்றை வெட்டாத நிலையில் திறந்தேன்.

என் குரல் பக்கத்து வீட்டில் யாரோ பாடம் படிப்பதுபோல் எங்கோ கேட்டது. அதற்கு மேலே, கிட்டத்தில், தெளிவாக இன்னொரு குரல். மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ கண்ணு. இவ குரல் எடுபடலைன்னு செயலாளர் வாயாலயே வந்துட்டாப் போதும். அப்புறம் நீ வந்து உக்காரு. அத்தை சொன்னா சொன்னதுதான். உங்க அப்பாகிட்ட இப்பவே எதுவும் வாய் விடாத."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்த பிறகும் அது கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஆக, மாமா சொன்னதும் சரி. மேடத்துக்கு அண்ணன் மகளோ தம்பி மகளோ இருக்கிறாள். ஆனால் தன் பேச்சைத் தானே ஒட்டுக்கேட்க மேடம் ஏற்பாடு செய்திருக்க மாட்டார். நீல ஓட்டை தன்னுடையது என்று சொன்னவர் கத்தரி. மேடத்தை வேவு பார்க்க அவர் வைத்த காது இது. நடுவில் என் குரல் போனால் அவருக்கென்ன. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு, அவர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

வந்தார். உள் அறைக் கதவைச் சாத்தினேன்.

"அண்ணா, நீலத்தை மைக்கா மாத்தினது நீங்கதானே?"

"என்னது? கேக்கலை."

எனக்குக் கோபம் வந்திருந்தது. சத்தமாகவே சொன்னேன். "ஒட்டுக்கேக்கறதுக்கு நீலத்தை மைக்கா மாத்தினது நீங்கதானே?"

அவர் சுவர்த் துளையைப் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா" என்றார். என் வாழ்க்கையில் அதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பிறகு தணிந்த குரலில் சொன்னார். "மேடம் காலை நீட்டி உக்காருவாங்க. ஒரு நாள் பட்ட உதையில பச்சை ஓட்டை உள்ள ஒடிஞ்சு போச்சு. சரி பண்ணித் தாங்கன்னேன். பாக்கலாம் பாக்கலாம்னாங்க. லினக்ஸ்ல நீலத்தை ஹெட்போன்னு மாத்திக்கிட்டேன். அங்க மாத்தினது இங்க விண்டோஸுக்குத் தெரியாது. அதனால இங்கயும் வந்து ஒரு தடவை ஹெட்போன்னு சொல்லி வச்சேன். அது நீ வர்றதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் உன் பக்கம் நான் எதுக்கு வரப்போறேன்?"

"அப்ப யார் மாத்தினது?"

"பிளக்கை உருவித் திருப்பிச் செருகினா, என்ன செருகினேன்னு விண்டோஸ் கேக்கும். ஒரு பெட்டி வரும். யார் பதில் சொன்னாங்களோ அவங்க."

"நீங்க இல்லையா?"

"நான் இல்லைன்னா நம்பிடப் போறியா?" என்றார். "நாளைக்குச் செயலாளர் வராரு. காலையில வந்து சரியா மாத்தி வை. நல்லாப் படி. மத்ததை விடு" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் முதல் ஆளாகப் போய் நீலத்தை ஹெட்போன் என்றும், ரோஜா நிறத்தை முதல் மைக் என்றும் மாற்றி வைத்தேன்.

செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது. கைத்தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் பக்கத்தில் நின்றார். கத்தரியும் வந்திருந்தார்.

"குரல் எடுபடலை சார்" என்றார் மேடம். "அதைக்கூடப் பொறுத்துக்கலாம். வாசிக்கிற நேரத்துல யாரோடயோ பேசறா. எடிட்டரே சொன்னாரு. கேட்டுப் பாருங்க."

"இவ பேசினான்னு நான் சொல்லலை" என்றார் கத்தரி. "பேச்சு கேக்குதுன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

செயலாளர் கையை உயர்த்தினார். "வெட்டாத பதிவு ஒண்ணைப் போடுங்க. எல்லாரும் சேர்ந்தே கேக்கலாம்."

அலமாரி மேல் இருந்த ஸ்பீக்கரை இறக்கி உள்ளே வைத்தார்கள். கத்தரி வயரைத் துளை வழியாக வெளியே விட்டுவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து ஹெட்போனை உருவி, அந்த இடத்தில் ஸ்பீக்கரைச் செருகினார். திரையில் பெட்டி வந்தது. என்ன செருகினீர்கள் என்று கேட்டது. முதல் வரியில் மைக். கீழே ஹெட்போன், அதற்கும் கீழே ஸ்பீக்கர்.

மேடம் எட்டி மவுஸைப் பிடித்து, முதல் வரியை அமுக்கினார்.

"இது ஒண்ணு, வயரைத் தொட்டாலே வந்து நிக்கும். அன்னிக்குத் துடைக்கும்போதும் இப்படித்தான். எதையாவது அமுக்கினாத்தான் போகும்" என்றார்.

நான் கத்தரியைத் தேடினேன். வாசலில் நின்றிருந்தார். அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் முதலாவதாக இருந்தது முந்தின நாள் நான் திறந்த அதே பதிவு; மேடம் அதை ஓட விட்டார். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைத் தட்டினார். வரவில்லை.

"ஸ்பீக்கர் போயிடுச்சு போல. பரவாயில்லை சார், எடிட்டர் சொன்னதே போதாதா?"

அது போதும் என்று செயலாளர் தலையசைத்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அசையவில்லை. மவுஸ் எனக்குக் கை நீட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் ஒருவர் கூனிக் குறுகுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அப்படி நானே நிறையக் குறுகியிருக்கிறேன்.

"மேடம், இது வேண்டாமே" என்றேன். "நான் இப்பப் புதுசா வாசிச்சுக் காட்டறேன். அதைக் கேக்கட்டும்."

"பாத்தீங்களா சார்? பயம். உள்ள ஏதோ இருக்கு."

"இருக்கு மேடம்" என்றேன்.

நீலத்தை ஸ்பீக்கர் என்று மாற்றினேன். பதிவை முதலிலிருந்து விட்டேன்.

பக்கத்து வீட்டுப் பாடம் போல் என் குரல் வந்தது. அப்புறம் அறை முழுக்க மேடம் பேசினார். கண்ணு என்றார். அத்தை சொன்னா சொன்னதுதான் என்றார். மேடத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. நான் பதிவை நிறுத்தினேன்.

செயலாளர் முகத்தை மேடம் நின்ற பக்கம் திருப்பினார். "இது நீங்கதானே?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "என் பேச்சை யார் பதிவு பண்ணது? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை நாளா இந்த வேலை பாக்கறீங்க?"

"இப்ப அந்தப் பெட்டியில நீங்க அமுக்கினது மைக் மேடம். அன்னிக்குத் துடைச்சப்பவும் அதையேதான் அமுக்கியிருக்கீங்க. அப்ப நீலத்துல ஹெட்போன் இருந்துச்சு. அன்னிலேர்ந்து அதுதான் மைக். அது இந்த ஆணியில தொங்குச்சு. உங்க நாற்காலி அந்தப் பக்கம்."

"யாருக்கு விளங்குது நீ பேசறது? சத்தமாச் சொல்லு."

"எனக்கு விளங்கிடுச்சு" என்றார் செயலாளர்.

பிறகு என்னை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். மைக்கின் எதிரில் நின்றுகொண்டே வாசித்தேன். போட்டுக் கேட்டபோது குரலில் நடுக்கமும் இருந்தது, மூச்சும் இருந்தது. இனிப் பழி போட ஓட்டையோ வயரோ மிச்சம் இல்லை. அவர் கடைசிவரை கேட்டார்.

"சின்னக் குரல்தான்" என்றார். "ஆனா பக்கத்துல உக்காந்து சொல்லுது. புத்தகம் இந்தப் பொண்ணே படிக்கட்டும்."

மேடம் இப்போதும் அங்கேதான் பொறுப்பாளர். போன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறார். என்னிடம் ஏதாவது சொல்வதற்கு முன்னால் துளையைப் பார்க்கிறார். நான் புதுத் துணி வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டேன். அப்படியும் பார்க்கிறார். அண்ணன் மகளா தம்பி மகளா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாமா தினமும் கேட்கிறார்.

கத்தரியிடம் ஒன்று மட்டும் கேட்டேன். நான் எச்சில் விழுங்குவதைக் கேட்டு வெட்டுகிறவர் அவர். அந்தப் பதிவுகளை எல்லாம் மதியங்களில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டவர் அவர்.

"அண்ணா, அது மேடம் குரல்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

"எனக்கு வெட்டத்தான்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

என்னைக் காப்பாற்ற, செயலாளர் காதிலேயே விழட்டும் என்று காத்திருந்தாரா, என் நாற்காலி போகட்டும் என்று பேசாமல் இருந்தாரா, அல்லது தன்னைப் பற்றி மேடம் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதை நான் தொடர்ந்து கேட்கவில்லை. இந்தத் தடவை காரணம் கூச்சம் இல்லை; எந்தப் பதிலை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

தினமும் காலையில் மைக்கை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். பட்டை துள்ளுகிறது. பிறகு ஹெட்போனைச் சுரண்டுகிறேன். பட்டை படுத்தே கிடக்கிறது. அதை ஆணியில் மாட்டாமல் மேசையில், என் கண் முன்னால் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குகிறேன்.